விண்ணின் இரண்டு கைகள்

தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அவற்றின் உருவத்தையும் அசைவையும் வியக்கிறோம். பட்டத்தின் தலைப்பகுதியில் கட்டும் விண்ணைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை. வில்லாக வளைத்த ஒரு சிலாகை, அதன் இரு முனைகளுக்கும் இடையே இழுத்துக் கட்டிய தட்டையான நார், இவ்வளவுதான் விண். காற்று மோதியதும் நார் படபடத்துக் கூவத் தொடங்கும். மார்கழி, தை இரவுகளில் பட்டத்தை மரத்தில் கட்டிவிட்டுப் படுத்தால் விடிய விடியக் கேட்பது அந்தக் குரல்தான். விண் கட்டுவது முழுக்க முழுக்க வில் செய்யும் வேலை. அதில் கடினமான பகுதி, நடுவிலிருந்து இரு பக்கமும் நீளும் வில்லின் இரண்டு கைகளும் ஒரே அளவில் வளையும்படி சீவி எடுப்பது. எங்கள் ஊர்களில் அதைச் செய்யும் முறையில் ஆழமான மர அறிவு இருக்கிறது. அந்த அறிவை வீணாக்கும் ஒரு பிழையும் இருக்கிறது.

முதலில் அறிவைச் சொல்ல வேண்டும். சிலாகை எடுக்கும் கமுகு, மூங்கில், பனை மூன்றும் ஒருவித்திலைத் தாவரங்கள். வேம்பிலோ தேக்கிலோ போல அவற்றின் உள்ளே வைரம் முற்றுவதில்லை. நார்க்கற்றைகள் வெளிப்புறத்தில் நெருக்கமாகவும் உள்ளே போகப் போக ஐதாகவும் இருக்கும். வளைந்த வில்லின் வெளிமுகம் இழுபடும், உள்முகம் நெருக்குப்படும். ஆகவே பலமான வெளித்தோல் வெளிமுகமாக வரவேண்டும், கத்தி உள்முகத்தில் மட்டும் ஓடவேண்டும். விண் கட்டத் தெரிந்தவர் யாரும் வெளித்தோலில் கத்தி வைக்கமாட்டார். ஐரோப்பாவில் யூ மரத்தில் வில் செய்பவர்கள் வெளிமுகத்தில் ஒரே ஆண்டு வளையத்தை வெட்டாமல் காப்பாற்றப் பாடுபடுகிறார்கள். அந்த விதியை இங்கே கமுகஞ்சிலாகையே சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

கருவித் தெரிவும் சரியானது. கத்தியால் உருவம் எடுத்தபின் போத்தல் ஓட்டால் வழிக்கும் பழக்கம் வெறும் சிக்கனம் அல்ல. கத்தி ஒரே இழுப்பில் எடுப்பதை ஓடு இருபது இழுப்பில் எடுக்கும். வளைவைத் திருத்தும் வேலைக்கு அந்த மெதுவே தேவை. ஒரு சிலாகையின் விறைப்பு அதன் அகலத்தோடு நேராகவும் தடிப்போடு மும்மடியாகவும் மாறுகிறது. 5 மில்லிமீற்றர் தடிப்பில் அரை மில்லிமீற்றரைச் சீவினால் தடிப்பில் குறைவது 10 வீதம், விறைப்பில் குறைவது 27 வீதம். கடைசித் திருத்தத்தை உள்முகத்தில் செய்யாமல் பக்கவாட்டில் வழிப்பவர்கள் இந்தக் கணக்கைப் படித்திருக்கத் தேவையில்லை. அவர்களின் கை அதை அறிந்திருக்கிறது. அகலத்தில் 10 வீதம் எடுத்தால் விறைப்பிலும் 10 வீதமே போகும், பிழை விட்டாலும் மீளலாம்.

காதால் முடிவு சொல்லும் வழக்கம் இம்முறையின் மிகப்பெரிய பலம். செய்தவரே காற்றுக்கு நேரே பிடித்துக் கேட்கிறார், வாய்க்காவிட்டால் நூலில் கட்டிச் சுழற்றிக் கேட்கிறார். அம்பு எய்யும் வில்லுக்கு விசையும் தூரமும் அளவுகோல். விண்ணுக்குக் குரல்தான் அளவுகோல், அதைக் கேட்கும் காது செய்பவரிடமே இருக்கிறது. இதைவிட நேரான சோதனை கிடையாது.

பிழை அதற்கு முந்திய படியில் இருக்கிறது. இரண்டு கைகளும் சமமா என்று பார்க்கப் பலர் விண்ணின் நடுவில் நூல் கட்டித் தொங்கவிடுகிறார்கள். கிடையாக நின்றால் சரி, ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தைச் சீவுகிறார்கள். அவசரக்காரர்கள் எதிர்ப்பக்க நுனியில் நூலையோ ஒட்டுத்தாளையோ சுற்றிப் பாரத்தைச் சமப்படுத்துகிறார்கள். இந்தச் சோதனை அளப்பது பாரத்தை. வளைவைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. தடிப்பில் பத்தில் ஒரு பங்கு குறைந்த இடத்தில் பாரமும் பத்தில் ஒரு பங்கே குறையும், விறைப்போ நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஒரு கை நடுவுக்கு அருகில் மெலிந்தும் நுனியில் தடித்தும் இருக்கலாம், மற்றக் கை நுனிவரை சீராக மெலிந்திருக்கலாம். நூலில் தொங்கும்போது இரண்டும் சமம். நார் பூட்டியதும் முதல் கை நடுவில் முறிந்தாற்போல் மடங்கும்.

மூலப்பொருளும் இந்தப் பிழைக்குத் துணைபோகிறது. மூங்கில் அடியில் தடித்து நுனியில் மெலியும், கணு உள்ள இடம் மற்ற இடத்தைப் போல வளையாது. இடப்பக்கக் கையில் இரண்டு கணுவும் வலப்பக்கக் கையில் ஒன்றும் விழுந்தால், பாரத்தைச் சமப்படுத்தி அந்த வேறுபாட்டைத் தீர்க்க முடியாது. மறைக்கத்தான் முடியும்.

கைகள் சமமில்லாவிட்டால் நாரின் ஒரு பாதி இறுகி மறுபாதி தளர்ந்திருக்கும் என்று நினைக்க இடமுண்டு. அது சரியல்ல. ஒரே நார் முழுவதிலும் இழுவிசை ஒன்றே, அதனால் புதிய விண் கட்டியவுடன் நன்றாகவே கூவும். கேடு பிறகு வருகிறது. மெலிந்த இடம் தன் பங்குக்கு மேல் வளைந்து, பனி ஈரத்தில் மணிக்கணக்காகச் சுமந்து, அந்த வளைவிலேயே படிந்துபோகிறது. நார் தளர்கிறது. இழுவிசை நாலில் ஒரு பங்கு குறைந்தால், நரம்பு வாத்தியக் கணக்கின்படி சுருதி சுமார் 13 வீதம் இறங்கும். கர்நாடக இசையில் சொன்னால் அது இரண்டு சுரத்தானங்களுக்கும் கூடுதல். முன்னிரவில் கணீரென்று இருந்த குரல் விடியற்புறம் கரகரப்பதற்கு ஆட்கள் காற்றைக் குறை சொல்வார்கள். பல வேளைகளில் குற்றம் சிலாகையில் இருக்கிறது. நார் சாய்ந்து நிற்பதால் பட்டம் ஒரு பக்கம் இழுப்பதும் உண்டு. அதற்காகப் பட்டத்தில் நூல் பூட்டும் முச்சையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவது நோயை விட்டு வேறிடத்தில் மருந்து பூசுவது.

நார் விடயத்தில் எனக்குப் பெரிய குறை இல்லை. பனை மட்டையில் உரித்த நாரின் குரலை விரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொதி கட்டும் பிளாஸ்ரிக் நார் ஈரம் குடிப்பதில்லை, அகலம் மாறாமல் வருகிறது. பனிக்கால இரவுக்கு அது பொருத்தமானது. ஆனால் உறுதியான அந்த நார் வந்தபின் அதை மேலும் மேலும் இறுக்கிச் சத்தம் கூட்டுகிறார்கள். அதனால் சிலாகையின் சமமின்மை முன்னைவிட விரைவில் தண்டனை பெறுகிறது.

விண் எங்களுக்கு மட்டும் உரியது அல்ல. மலேசியாவின் வாவ் புலான் பட்டத்திலும், பாலித் தீவின் பட்டங்களிலும், கம்போடியாவின் கிளெங் ஏக் பட்டத்திலும் கூவும் வில் உண்டு. ஜப்பானியரும் பட்டத்தில் கூவுநார் கட்டினார்கள். அம்பு வில் செய்பவர்களிடமிருந்து நாம் எடுக்கத்தக்கது ஒன்று உண்டு. அவர்கள் வில்லை ஒரு தாங்கியில் பொருத்தி நாணைச் சிறிது சிறிதாக இழுத்து, தள்ளி நின்று வளைவைப் பார்க்கிறார்கள். வளைவு சீராகும்வரை அடுத்த இழுப்புக்குப் போவதில்லை. விண்ணுக்குத் தாங்கிகூட வேண்டாம். நாரை அரைகுறையாகப் பூட்டிச் சீமெந்துத் தரையில் கிடத்தி வெண்கட்டியால் வளைவை வரைந்துகொள்ளலாம். பிறகு விண்ணை இடவலம் மாற்றித் திருப்பி, நடுப்பகுதி பொருந்த அதே கோட்டின்மேல் வைக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே தள்ளி நிற்கும் இடம் விறைத்த இடம், அங்கே வழிக்கலாம். உள்ளே மடங்கிய இடத்தைத் தொடக்கூடாது. சரியாகப் பொருந்தியபின் நாரை இன்னும் கொஞ்சம் இறுக்கி மறுபடி வரையலாம். கண் பழகிய முதியவர்கள் சிலாகையை நிமிர்த்திப் பிடித்து ஒற்றைக்கண்ணால் பார்த்தே இதைச் செய்துவிடுவார்கள். அந்தக் கண் அடுத்த தலைமுறைக்கு வரவில்லை, நூலில் தொங்கவிடுவது மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு இதில் உள்ள மனக்குறை அதுதான்.

உதயசூரியன் கடற்கரைப் போட்டிகளில் பட்டங்கள் ஆண்டுக்காண்டு பெரிதாகி, பொறிகளும் விளக்குகளும் ஏறிவருகின்றன. அந்தத் திறமையை மதிக்கிறேன். அதே கடற்கரையில் விண்ணுக்கென்று ஒரு தனிப் பரிசு வைக்க வேண்டும். மாலையில் ஏற்றிய விண் மறுநாள் காலையிலும் அதே சுருதியில் கூவுகிறதா என்று கேட்டு நடுவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும். விண் கட்டும் பிள்ளைகளிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். தரையில் கோடு வரைந்து வளைவைச் சரிபார்த்தபிறகு நூலில் தொங்கவிடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.