கூழாங்கல் சொன்ன சாட்சி

போர்ப் புகைப்படத்தை எதை வைத்து நம்புவது? கிரிமியப் போரில், 1855-இல், ரோஜர் ஃபென்டன் ஒரே இடத்தில் எடுத்த இரண்டு படங்களைப் பாருங்க. ஒன்றில் பீரங்கிக் குண்டுகள் பாதையோரப் பள்ளத்தில் மட்டும் கிடக்கின்றன. இன்னொன்றில் பாதையிலும் சிதறிக் கிடக்கின்றன. பிரபலமானது இரண்டாவதுதான்.

படத்துக்காகவே குண்டுகளைப் பரப்பினார்கள் என்று எழுதினார் சூசன் சொன்டாக். 'அது எப்படித் தெரியும்?' என்று கேட்ட எரால் மோரிஸ், கிரிமியாவுக்கே போய்வந்து 2007-இல் விரிவாக எழுதினார். விடை கிடைத்தது குண்டுகளில் இல்லை, சரிவில் கிடந்த சின்னக் கற்களில். பாதையில் குண்டுள்ள படத்தில் அவை கொஞ்சம் கீழே உருண்டிருக்கின்றன. கல் தானாக மேலே ஏறாதே! ஆக, வெறும் பாதைதான் முதலில்.

எடுப்பவர் கவனித்ததை மாற்றிவைக்கலாம். கவனிக்காதது சாட்சி சொல்லிவிடும். ஆனா, ஏன் நகர்த்தினார்கள் என்பதைக் கல்லும் சொல்லாது. அங்கே குண்டு விழுந்தது பொய்யில்லை. அந்தப் பாதையின் ஆபத்தைத்தான் படம் கூட்டிக் காட்டுகிறது. இரண்டு படமும் மிஞ்சியதால் இதையாவது பேச முடிகிறது. ஒரே படத்தைக் காட்டி நம்பச் சொன்னால் நான் கேட்பது இதுதான்: இதற்கு முன்னால் எடுத்தது எங்கே?