திரையைப் போக்குமா களிம்பு?

நரை, திரை, மூப்பு என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வது தமிழர் வழக்கம். நரை என்பது மயிர் வெளுத்தல். திரை என்பது தோல் சுருங்கித் தளர்தல். வயது ஏற ஏறக் கையிலும் கழுத்திலும் தோல் மெலிந்து, கசக்கிப் பிரித்த மெல்லிய தாள் போல நுண்ணிய மடிப்புகளுடன் தொங்குகிறதல்லவா, அதுதான் திரை. இதைச் சில வாரங்களில் போக்கிவிடுவதாகச் சொல்லும் களிம்பு விளம்பரங்கள் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் நாள்தோறும் வருகின்றன. அவற்றை அறிவியல் கூற்றுகளாகவே எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்ப்போம்.

வயதா, வெயிலா?

சுருக்கத்துக்குக் காரணம் வயது என்பது முதற் கூற்று. இது பாதி உண்மை. அடித்தோலில் உள்ள கொலாஜன் என்னும் புரத இழைகள் தோலுக்கு உறுதியையும், எலாஸ்டின் இழைகள் மீள்தன்மையையும் தருகின்றன. வயதாக ஆக இவை குறைவது உண்மையே. ஆனால் உங்கள் வீட்டு முதியவர் ஒருவரின் பிடரியையும், சட்டை எப்போதும் மறைத்திருக்கும் முதுகையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் வயது ஒன்றே. பட்ட வெயில்தான் வேறு.

இதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. அமெரிக்காவில் 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012-இல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்' வெளியாயிற்று. அங்கே ஓட்டுநர் இடப்புறம் அமர்வார். சன்னலை ஒட்டிய அவருடைய இடக் கன்னம் ஆழச் சுருங்கித் தடித்துத் தொங்கியது. வலக் கன்னம் அவ்வளவு கெடவில்லை. புற ஊதாக் கதிர்களில் பி வகையைச் சன்னல் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் 315 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஏ வகையில் பெரும்பகுதி கண்ணாடியைக் கடந்து, அடித்தோல் வரை சென்று இழைகளைச் சிதைக்கிறது. நம் நாட்டு ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால், இங்கே கவலைப்பட வேண்டியது வலக் கன்னமும் வலக் கையும்.

நுழையாத மூலக்கூறு

களிம்பிலுள்ள கொலாஜன் தோலுக்குள் சென்று குறையை நிரப்பும் என்பது இரண்டாம் கூற்று. மூலக்கூறுகளின் நிறையை டால்டன் என்னும் அலகால் அளப்பார்கள். ஒரு ஹைட்ரஜன் அணுவின் நிறை ஏறத்தாழ 1 டால்டன். சுமார் 500 டால்டனுக்கு மேற்பட்டவை நல்ல நிலையிலுள்ள தோலை எளிதில் ஊடுருவுவதில்லை. கொலாஜன் மூலக்கூறோ சுமார் 3,00,000 டால்டன். அதாவது 600 மடங்கு! அது மேலேயே தங்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும். மேலடுக்கு நீரால் உப்பி, மடிப்புகள் ஆழமற்றுத் தெரியும். கிளிசரின் கலந்த எளிய களிம்பும் இதைச் செய்யும். பயன் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கழுவினால் போகும் பயனைப் புதுப்பித்தல் என்று சொல்வது தகாது.

நமது 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டம் அழகுப் பொருளின் வேலையாகச் சொல்வது தூய்மை செய்தல், அழகூட்டுதல், கவர்ச்சி கூட்டுதல், தோற்றத்தை மாற்றுதல் ஆகியவற்றையே. தோலின் அமைப்பை உள்ளிருந்து மாற்றுவது அதில் இல்லை. வெயிலால் கெட்ட தோலை ஓரளவு திருத்துவதாக 1986 முதல் ஆய்வுகள் காட்டிவரும் ட்ரெட்டினாயின் ஒரு மருந்து. மருத்துவர் சொன்னாலன்றித் தொடக்கூடாது. கருவுற்ற பெண்கள் தவிர்க்க வேண்டும். இதைவிடக் கொடுமை, முகம் வெளுக்கும் என்று நம்பிப் பலர் தாமே வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்புகள். நெடுநாள் பூசினால் அவை தோலை மெலியச் செய்து, போக்க நினைத்த திரையையே வரவழைத்துவிடும்.

எண் சொல்வதும் சொல்லாததும்

வெயில் தடுப்புக் களிம்பின் மீது எஸ்.பி.எஃப். என்று ஓர் எண் இருக்கும். 30 என்றால் தோலைச் சிவக்கவைக்கும் கதிர்களில் 30-இல் ஒரு பங்கே உள்ளே போகும். தடுப்பு சுமார் 97 விழுக்காடு. 50 என்றால் 98. எண் பெரிதாகத் தாவினாலும் தடுப்பு ஒரு விழுக்காடே கூடுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிப் பெற்ற அளவு இது. நாம் பூசுவது பெரும்பாலும் அதில் பாதிகூட இராது. மேலும் இந்த எண் முக்கியமாகப் பி வகையைப் பற்றியது. ஏ வகைக்கு 'பி.ஏ.' என்ற எழுத்துகளையடுத்த கூட்டல் குறிகளைப் பார்க்க வேண்டும்.

ஆனால் தடுப்பு வீண் அன்று. ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரிடம் நான்கரை ஆண்டுகள் நடத்திய சோதனையின் முடிவு 2013-இல் வெளிவந்தது. நாள்தோறும் தடுப்புக் களிம்பு பூசியவர்களின் தோல் மூப்பு, விருப்பம்போல் பூசியவர்களைவிட 24 விழுக்காடு குறைவு. உடன் கொடுத்த பீட்டா கரோட்டின் மாத்திரையால் பயன் தெரியவில்லை. அங்குள்ளோர் பெரும்பாலும் வெளிர்நிறத்தோர்; நம் தோலின் மெலனின் நமக்கு ஓரளவு இயற்கைக் காப்பு. ஆகவே இந்த எண்ணை அப்படியே நமக்குப் பொருத்தக்கூடாது.

கைலாசபுரம் அறிந்த பாடம்

திருச்சி கைலாசபுரத்தில் வாழ்வோருக்குப் புற ஊதாக் கதிர் புதியதன்று. அருகிலேயே 1965 முதல் கொதிகலன்கள் செய்யும் பாரத மிகுமின் நிறுவனம் இருக்கிறது. மின்வில்லால் பற்றவைக்கும் வெல்டர், கதிர் பட்டபின் பூசும் களிம்பை நம்பி வேலையைத் தொடங்குவதில்லை. முகக்கவசம், தோல் கையுறை, முழுக்கைச் சட்டை ஆகியவற்றை முதலில் அணிகிறார். மூலத்துக்கும் உடலுக்கும் இடையே தடுப்பு வைப்பதே பௌதிகம் காட்டும் வழி.

தொழிற்சாலைக்கு வெளியே அந்த மின்வில்லின் இடத்தில் சூரியன் நிற்கிறது. திருச்சி ஏறத்தாழ 10.8 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நண்பகல் சூரியன் நம் உச்சிக்கே வருகிறது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் வலுவாக இருக்கிறது என்று கொள்ளுங்கள். அப்போது குடை, நெருக்கமாக நெய்த முழுக்கை ஆடை, தலைத்துண்டு இவையே முதல் மருந்து. இரு சக்கர வண்டியில் செல்லும் மாணவியர் முழங்கை வரை உறை அணிவதைக் கேலி செய்வோர் உண்டு; அவர்கள் செய்வதே சரி. புகையும் கொலாஜனைக் கெடுப்பதால் புகைப்பழக்கத்தை விட வேண்டும்.

ஆகவே, மாணவர்களே, அடுத்த களிம்பு விளம்பரத்தைப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். பொருள் தோலுக்குள் நுழையுமா? எத்தனை பேரிடம், எத்தனை காலம் சோதித்தார்கள்? கழுவிய பிறகும் பயன் நிற்குமா? மூன்றுக்கும் விடை இல்லையென்றால், அந்தப் பணத்துக்கு நல்ல குடை ஒன்று வாங்கலாம்.