உம் கொட்டுவது யார்?

காளமேகப் புலவருக்குக் கவி பாடும் திறம் எப்படி வந்தது? திருவானைக்கா கோயிலில் அம்மன் தன் வாய்த் தாம்பூலத்தை அவர் வாயில் உமிழ்ந்தாளாம். அன்று முதல் கவி மழையாகக் கொட்டியதாம். காளிதாசன் நாக்கில் காளியே எழுதினாள் என்பார்கள். படைப்பு மேலேயிருந்து இறங்கி வருகிறது என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தாம்பூலம் என்று சொல்வதில்லை, 'உள்ளொளி', 'தரிசனம்' என்கிறார்கள்.

நாம் கேட்க வேண்டியது இதுதான்: ராத்திரி கோயிலுக்குள்ள படுத்துக் கிடக்க யாரை விட்டாங்க? வாசலையே மிதிக்க விடாதவனைத் தேடி எந்த அம்மன் தாம்பூலத்தோடு வருவாள்? எச்சிலிலும் சாதி உண்டு. பேஷ்வாக்கள் ஆண்ட புனேயில், தீண்டப்படாதவர்கள் எச்சில் துப்புவதற்குக் கழுத்தில் மண்கலயம் கட்டித் திரிய வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதியிருக்கிறார். தரையில் விழுந்த எச்சிலைத் தெரியாமல் மிதித்தாலும் இந்துவுக்குத் தீட்டாம். ஒரு பக்கம் எச்சிலே அருள். இன்னொரு பக்கம் எச்சிலே தீட்டு.

இந்தப் பாகுபாடு இலக்கிய விமர்சனத்துக்குள்ளும் வேறு உருவத்தில் புகுந்திருக்கிறது. தலித் எழுத்து என்றதும் 'இது அனுபவப் பதிவு, படைப்பு இல்லை' என்கிறார்கள். 'சொந்தக் கதைய சொல்லி முடிச்சிட்டா அப்புறம் என்னத்த எழுதுவாங்க?' என்றும் கேட்கிறார்கள். அவர்களுக்கு வற்றாத ஊற்று. நமக்கு மொண்டால் தீர்ந்துபோகிற தொட்டி. கற்பனையை அவர்கள் எடுத்துக்கொண்டு அனுபவத்தை மட்டும் நம் பக்கம் தள்ளிவிடுகிறார்கள்.

கதை எங்கிருந்து வருகிறது என்பதற்கு நம் தெருவில் வேறு பதில் இருக்கிறது. கதை சொல்ல உட்கார்ந்த கிழவி முதலில் கேட்பது, 'உம் கொட்டுவியா?' என்றுதான். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். கேட்கிறவர் சிரித்தால் கதை ஒரு பக்கம் போகும். பெருமூச்சு விட்டால் வேறு பக்கம் திரும்பும். கதை சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில்தான் அது பிறக்கிறது.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதில் பலருக்கும் நினைவிருக்கிற இடம் ஒன்று. மூன்றாம் வகுப்புப் படிக்கிற சிறுமி, தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிப் போவதைப் பார்க்கிறாள். சிரிப்பு அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் வேடிக்கைக் கதையாகச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. நாம் தொட்டால் தீட்டு என்பதற்காகத்தான் அவர் அப்படித் தூக்கிப் போனார் என்று சொல்கிறார். நடந்தது ஒன்றுதான். கேட்டவர் சிரிக்காமல் போனதும் அது வேறு கதையாகிவிட்டது. அனுபவம் மட்டும் இந்தக் கதையைத் தந்திருக்காது.

மராத்தியில் தயா பவார் 1978இல் எழுதிய 'பலுத'வைப் பாருங்கள். ஊர் வேலைக்குக் கூலியாகத் தரும் தானியப் பங்குதான் பலுத. அவருக்கு ஊரில் வைத்த பெயர் தக்டு. கல் என்று அர்த்தம். தக்டு மாருதி பவார் சொல்ல, தயா பவார் கேட்கிற மாதிரி நூலை அமைத்திருக்கிறார். சொந்தக் கதையைச் சொல்லவும் உம் கொட்ட ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அதற்காக எழுத்தாளர் தன்னையே இரண்டாகப் பிளந்துகொள்கிறார். இது பதிவு மட்டும்தான் என்றால் படைப்பு என்பது என்ன?

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. தலித்துகளுக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் குடும்பத்து ஆரோக்கியத்தின் கதை. அந்தச் சாதியில் பிறக்காதவர் எழுதியது. நமக்குள்ளேயே இருக்கிற மேல்கீழை வெளியே போட்டு உடைத்துவிட்டது என்று நம்மில் சிலருக்குக் கோபம். ஆனால் ஆரோக்கியத்தின் புலம்பல் அந்தப் பக்கங்களில் அப்படி ஒலிக்கிறதென்றால், யாரோ காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். நாம் அதுவரை உம் கொட்டாத ஒரு வாசலில் அந்தக் கதை கிடந்தது.

'அப்புறம் என்னத்த எழுதுவாங்க' என்றவர்களுக்குப் பாமாவே பதில் தந்துவிட்டார். 1994இல் 'சங்கதி', 1996இல் 'கிசும்புக்காரன்'. பண்ணையாரிடம் எதிர்த்துப் பேசுகிற நையாண்டியும் ஊர்ப் பெண்களின் பேச்சும் ஒருவருடைய அனுபவத் தொட்டிக்குள் அடங்குமா? தெரு பேசுகிற வரைக்கும் கதை தீராது.

நமக்கு ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. 'கருக்கு' 2000இல் ஆங்கிலத்துக்குப் போனது. தலித் எழுத்து இன்று பாடத்திட்டத்தில் இருக்கிறது, பரிசுப் பட்டியலிலும் இருக்கிறது. போராடிப் பெற்ற இடம்தான், வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் உம் கொட்டுகிற காது மாறினால் கதையும் மாறும். வகுப்பறைக்கு நம் காயம் வேண்டும். கிசும்பு அவ்வளவாக வேண்டாம். அழுகையை மொழிபெயர்ப்பது சுலபம். வசவை மொழிபெயர்ப்பது கஷ்டம். அந்தக் காதுக்காகவே எழுதினால் நம் எழுத்தில் காயம் மட்டும் மிஞ்சும். அதைத் தாங்கிய சனங்களின் சிரிப்பு காணாமல் போகும்.

எழுத வருகிற இளையவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. எழுதினதைப் பத்திரிகைக்கு அனுப்பும் முன்னால் உங்க தெருவில் வேலை முடிஞ்சு உக்காந்திருக்கிற நாலு பொம்பளைங்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். 'அது அப்படி இல்லப்பா, நான் சொல்றேன் கேளு' என்று யாராவது குறுக்கே பேசினால், அடுத்த கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. இப்போது உம் கொட்ட வேண்டியது நீங்கள்.