வெறியாட்டும் ஆய்வுக் கண்ணும்

தைப்பூச நாளில் பினாங்குத் தண்ணீர்மலைக்குக் காவடியேந்திச் செல்வோருள் அருள்வந்து ஆடுவாரைக் கண்டு, தெய்வமே வந்ததெனக் கைகூப்புவர் ஒரு சாரார். வெறும் மயக்கமென ஒதுக்குவர் மற்றொரு சாரார். இவ்வழக்கில் அறிவியல் நடுவராதல் கூடுமா என்பது ஆராயத்தக்கது.

வழக்கு தமிழுக்குப் புதிதன்று. குறிஞ்சிப் பாடல்களில், மகளின் மெலிவு கண்ட தாய் வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கிட்டுப் பார்த்து, முருகனால் வந்த நோய் என்கிறான். காதலே காரணம் என்பதைத் தோழி அறிவாள். வேலன் கூறிய காரணம் பிழை. தலைவியின் துயரோ மெய். இவ்விரண்டையும் பிரித்தறிந்த புலவர் நோக்கே பிற்கால ஆய்வுகளுக்கு உரைகல்லாகும்.

ஆவித் தொடர்பு கொள்வதாகக் கூறுவோரை அறிவியல் முறையில் சோதிக்க, 1882இல் இலண்டனில் உளநிலை ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. அதன் பெருவழக்குகளுள் ஒன்று தமிழ் மண்ணிலேயே நிகழ்ந்தது. சென்னை அடையாற்றில், பிரம்மஞான சபையை நிறுவியோருள் ஒருவரான பிளவாட்ஸ்கி அம்மையாரைச் சூழ்ந்து, மகாத்மாக்களின் மடல்கள் அற்புதமாகத் தோன்றுவதாகக் கூறப்பட்டது. அவற்றைச் சூழ்ச்சியெனக் காட்டும் கடிதங்களை, அம்மையாரே எழுதியவை என்று, 1884இல் கிறித்துவக் கல்லூரி இதழ் வெளியிட்டது. அவை போலி என்றனர் சபையினர். கழகத்தின் சார்பில் ரிச்சர்டு ஹாட்ஜ்சன் நேரில் வந்து ஆராய்ந்தார். 1885இல் வெளிவந்த அறிக்கை அம்மையாரை ஏமாற்றுக்காரர் என முடிவுகட்டியது. நூறாண்டு கழித்து, 1986இல், அதே கழகத்தின் இதழிலேயே கையெழுத்து வல்லுநர் வெர்னன் ஹாரிசன் அவ்வறிக்கை ஒருதலையானது என மறுத்தார். இதனால் அற்புதங்கள் மெய்யாகிவிடவில்லை. சோதிப்போரும் சோதனைக்குரியரே என்பது புலனாயிற்று.

பினாங்கில் நிகழ்ந்த ஆய்வுகள் வேறு வழிச் சென்றன. எலிசபெத் புல்லர் காலின்ஸ் இங்குள்ள தைப்பூசத்தைப் பற்றி 1997இலும், ஜீன் டிபெர்னார்டி இங்குள்ள சீன மருளாளரைப் பற்றி 2006இலும் நூல்கள் வெளியிட்டனர். தெய்வம் வந்ததா என்பதினும், அவ்வருகை மாந்தர் வாழ்வில் என்ன பொருள் பெறுகிறது என்பதே இவர்தம் வினா. சடங்கு, அதிகாரம், அறவழி மீட்சி என்னும் மூன்றையும் காலின்ஸ் தம் நூலின் துணைத்தலைப்பிலேயே நிறுத்தினார். டிபெர்னார்டி மருளாளரோடு உரையாடி, அவர்தம் வாழ்வையும் போதனையையும் பதிந்தார். அடியாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் மனிதராகக் கண்டது இந்நெறியின் சிறப்பு.

ஆயினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. மருத்துவரை விடுத்து வாக்கையே நம்பி நாளைக் கடத்தும் நோயாளிக்கு, வாக்கின் பொருள் மட்டும் போதாது. அதன் உண்மையும் வேண்டும். அடையாற்று ஆய்வு காரணத்தைத் தேடித் துயரை மறந்தது. பினாங்கு ஆய்வு துயரை உணர்ந்து காரணத்தைத் தள்ளிவைத்தது. இரண்டையும் ஒருசேரக் கண்டவள் சங்கத் தோழியே. வேலனின் கூற்றை அவள் ஏற்கவில்லை. தலைவியின் கையையும் விடவில்லை. ஆய்வாளர்க்கு வேண்டிய கண் அதுவே.