சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு ஓர் ஆற்றுப்படை

வழிகாட்டி நூல்களை இலக்கிய வரிசையில் வைத்து எண்ணும் வழக்கம் இன்று நம்மிடையே இல்லை. இரயில் கால அட்டவணைக்கு என்ன மதிப்போ அதுவே அவற்றுக்கும். பயணம் முடிந்ததும் அவை பரண்மேல் ஏறிவிடுகின்றன. ஆயினும் தமிழ் மரபு இவ்வாறு கருதியதில்லை. வழி கூறுவதையே ஓர் இலக்கிய வகையாக்கி, அதற்கு ஆற்றுப்படை என்று பெயரும் சூட்டியவர்கள் நம் முன்னோர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன் இன்னொரு கூத்தனுக்கு மலைவழியை எடுத்துரைக்கும் பாட்டாகும். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், வழுக்கும் பாறை எது, புனங்காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு ஒதுங்க வேண்டும் என்றெல்லாம் அஃது எச்சரிக்கின்றது. முன்னே சென்றவன், பின்னே வருபவனின் காலுக்குக் காவலாக இருக்க வேண்டும் என்பதே அவ்விலக்கியத்தின் உள்ளக்கிடக்கை.

அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆங்கில நூலை நோக்குவோம். ஆல்ஃபிரட் வெயின்ரைட் எழுதி 1970-ல் வெளிவந்த அந்நூலின் பெயர் 'வாக்ஸ் இன் லைம்ஸ்டோன் கன்ட்ரி'. இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யார்க்‌ஷயரில், வெர்ன்சைடு, இங்கிள்பரோ, பெனிகென்ட் என்னும் மூன்று மலைகளைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் நிலப்பரப்பை நடந்து காண்போர்க்காக எழுதப்பட்டது அது.

நூலாசிரியரின் வரலாறே ஒரு பாடம். 1907-ல் பிளாக்பர்ன் என்னும் ஆலைநகரில் கல்வேலைக்காரர் ஒருவரின் எளிய குடும்பத்தில் பிறந்த அவர், 13 வயதிலேயே பள்ளியை விட்டு நகராட்சி அலுவலகத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். மாலையும் இரவும் படித்துக் கணக்கியலில் தேர்ந்தார். 1941-ல் மலைகளுக்கு அண்மையிலுள்ள கெண்டல் நகருக்குக் குடிபெயர்ந்து, 1948 முதல் 1967 வரை அந்நகராட்சியின் பொருளாளராக விளங்கினார். ஏரி மாவட்டத்து மலைகள் 214-ஐயும் ஏழு தொகுதிகளில் வரைந்தும் எழுதியும் 1955 முதல் 1966 வரை வெளியிட்டார். அச்செழுத்துக் கோப்பதை அவர் நாடவில்லை. எழுத்தும் படமும் வரைபடமும் யாவும் அவர் கைப்பட அமைந்தவை. அந்தக் கையெழுத்துப் பக்கங்களே அப்படியே அச்சேறின. வரிகளின் வலப்புற ஓரம் நேராக அமையவில்லை என்ற ஒரே குறைக்காக, எழுதி முடித்த சுமார் 100 பக்கங்களைத் தள்ளிவிட்டு மீண்டும் தொடக்கத்திலிருந்து எழுதியவர் அவர். அதே கையும் அதே பொறுமையுமே பின்னர் சுண்ணாம்புக்கல் நாட்டின் பக்கம் திரும்பின.

அந்நிலத்தின் இயல்பை அறியாமல் நூலின் அருமையை அறிய இயலாது. சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், அப்பகுதி நிலநடுக்கோட்டை ஒட்டிய ஆழமற்ற வெப்பக் கடலின் அடியில் கிடந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகியதே இன்றைய சுண்ணாம்புக்கல். அதன்மேல் களிப்பாறையும் மணற்பாறையும் மெல்லிய சுண்ணாம்புக்கல்லும் மாறிமாறி அடுக்கப்பட்டுள்ளன. உச்சியில் கரடான மணற்பாறை மூடிபோல் அமர்ந்திருக்கின்றது. வன்மையான அடுக்கு நிற்க, மென்மையான அடுக்கு தேய்ந்துபோவதால் மலைகள் படிக்கட்டுகள் போன்ற தோற்றம் பெற்றுள்ளன. பெனிகென்ட்டைத் தொலைவிலிருந்து பார்ப்போர், படுத்திருக்கும் சிங்கம் என்று அதனைச் சொல்வதும் இதனாலேயே.

மழைநீரிலுள்ள மெல்லிய அமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கின்றது. ஆகவே ஓடைகள் திடீரென்று பூமிக்குள் மறைகின்றன. இங்கிள்பரோவின் சரிவில் உள்ள கேப்பிங் கில் என்னும் குழியில், ஓர் ஓடை ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்திற்கு நேரே வீழ்கின்றது. 1895-ல் மார்ட்டெல் என்ற பிரெஞ்சுக்காரர் முதன்முதலில் அதன் அடித்தளம்வரை இறங்கினார். நிலத்தின் மேற்பரப்பிலோ, பனியுகத்தின் பனிப்பாளங்கள் மண்ணைச் சுரண்டிச் சென்ற இடங்களில் வெண்சாம்பல் நிறக் கல்தளங்கள் பரந்து கிடக்கின்றன. அவற்றின் ஆழ்ந்த வெடிப்புகளுக்குள் காற்றுக்கும் ஆட்டின் வாய்க்கும் தப்பிய பெரணிச் செடிகள் நிழலில் செழித்து வளர்கின்றன. நடப்பவனுக்கு இங்கே இருவகை இடர். சுண்ணாம்புக்கல்லில் கால் வெடிப்புக்குள் சிக்கும். நீரை உள்ளே விடாத களிப்பாறையின் மேலோ கரிய சதுப்பில் முழங்கால்வரை புதையும்.

இம்மூன்று மலைகளையும் ஒரே நாளில் சுற்றி, புறப்பட்ட இடத்திற்கே திரும்பும் வட்டப் பாதை உலகப் புகழ் பெற்றது. நீளம் சுமார் 24 மைல்; ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 1,600 மீட்டர். பெரும்பாலோர் ஹார்ட்டன் என்ற சிற்றூரிலிருந்து தொடங்குகின்றனர். முதலில் 694 மீட்டர் உயரமுள்ள பெனிகென்ட். அதன் தென்முனையில் கையையும் ஊன்றி ஏற வேண்டிய பாறைப்படிகள் உள்ளன. பின்னர் நெடுந்தொலைவு மேட்டுப் புல்வெளியைக் கடந்து, 24 வளைவுகளைக் கொண்ட ரிபிள்ஹெட் இரயில் பாலத்தை அடைய வேண்டும். அடுத்து 736 மீட்டர் உயரமுள்ள வெர்ன்சைடின் நீண்ட முதுகு. முழங்கால் வலிக்க இறங்கிப் பள்ளத்தாக்கைக் கடந்தால், களைத்த கால்களுக்கு இறுதிச் சோதனையாக 723 மீட்டர் உயரமுள்ள இங்கிள்பரோவின் செங்குத்தான சரிவு. அதன் உச்சி தட்டையானது. மூடுபனி இறங்கிவிட்டால் எல்லாத் திசையும் ஒன்றுபோல் தோன்றும்.

இந்த வட்டத்தை முதலில் நடந்தவர்களாகக் குறிக்கப்படுவோர், 1887-ல் கிகிள்ஸ்விக் பள்ளியைச் சேர்ந்த ஆசிரியர் இருவர். 1954 முதல் இது ஓட்டப் பந்தயமாகவும் நடைபெற்று வருகின்றது. நடப்போர்க்கு 12 மணி நேரம் என்ற எல்லை ஒன்று வழக்கத்தில் வந்தது. ஹார்ட்டனில் இருந்த தேநீர் விடுதி ஒன்றில், புறப்பட்ட நேரத்தையும் மீண்ட நேரத்தையும் அட்டையில் பொறித்துத் தரும் மணிப்பொறி பல ஆண்டுகள் இயங்கியது. மலை இவ்வாறு ஒரு தேர்வுக்கூடமாகிவிட்டது.

வெயின்ரைட்டின் எழுத்துச் சிறப்பு இங்கேதான் புலப்படுகின்றது. கடிகாரத்தைப் பார்த்து நடப்பவனுக்கு ஒரு பாதைக்கோடு போதும். வெயின்ரைட்டின் பக்கமோ அவனை நிறுத்துகின்றது. கையால் எழுதிய எழுத்தை விரைந்து படிக்க இயலாது. கண் தானாகவே நடையின் வேகத்திற்கு இறங்கிவிடுகின்றது. கல்சுவரின் வளைவும், பாறையின் வெடிப்பும், நீர் மறையும் வாயும் ஒவ்வொரு கீற்றாக வரையப்பட்டிருக்கின்றன. காமிராவுக்கு முன்னால் கிடப்பவை யாவும் ஒரே நிலையின. எதைக் காட்டவேண்டும், எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்வது ஓவியனின் கை. கணக்கரின் துல்லியமும் கலைஞனின் காதலும் ஒரே மையில் கலந்த பக்கங்கள் இவை எனின் மிகையாகாது. உரைநடையும் அவ்வாறே. அலங்காரம் குறைவு, நகைச்சுவை உண்டு, சில இடங்களில் முரட்டுத்தனமும் உண்டு. புகழ்ச்சி வேண்டாத இடத்தில் அவர் புகழ்வதில்லை. பின்வருபவனின் காலைக் காக்கும் கடமையில் அவர் ஆற்றுப்படைப் புலவர்க்குச் சற்றும் இளைத்தவர் அல்லர்.

நிற்க. குறைகளையும் கூறாது விடுதல் திறனாய்வு ஆகாது. மலைபடுகடாத்தில் வழி மட்டுமா வருகின்றது? அவ்வழியில் வாழும் மக்களும் வருகின்றனர். எந்தக் குடியில் எத்தகைய உணவு கிடைக்கும், எவர் எப்படி வரவேற்பர் என்பதெல்லாம் அங்கே வழியின் பகுதிகளே. வெயின்ரைட்டின் நூல்களில் தலைவன் மலை. மனிதன் அருகியே தோன்றுகின்றான். தனிமையைத் தேடி மலைக்குச் சென்றவரின் இயல்பு அது என்று அமைதி கூறலாம். ஆயினும் அந்நிலம் மனிதனின் வியர்வை படாத நிலம் அன்று. மலைச்சரிவில் மைல் கணக்கில் ஓடும் கல்சுவர்களைக் கட்டிய கைகள் எவருடையவை? ரிபிள்ஹெட் பாலத்தின் கட்டுமானம் 1870-ல் தொடங்கியபோது, ஆயிரத்திற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் அந்தக் குளிர்ந்த சதுப்பில் குடிசை போட்டுக் குடும்பத்தோடு வாழ்ந்தனர். விபத்திலும் அம்மை நோயிலும் இறந்தோர் பலர் அருகிலுள்ள சாப்பல்-லி-டேல் சிற்றூரின் அடக்கத்தலத்தில் உறங்குகின்றனர். பாலத்தின் அழகைக் காண்பவன் அவர்களையும் எண்ண வேண்டாமா? மலையை மட்டும் காட்டி மக்களை மறைவில் நிறுத்தும் வழிகாட்டி, பாதி வழியையே காட்டியதாகும்.

இரண்டாவது குறை, எழுத்தின் விளைவைப் பற்றியது. கூட்டத்தை வெறுத்தவர் வெயின்ரைட். ஆனால் அவருடைய மலைநூல்கள் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட படிகள் விற்பனையாகி, கூட்டம் மலைக்கு வரவும் ஒரு காரணமாயின. மூன்று மலை வட்டத்தின் நெரிசல் முழுவதையும் அவர் தலையில் சுமத்துவது நீதியாகாது. பந்தயமும் பள்ளிக் குழுக்களும் அறநிதி திரட்டும் நடைகளும் அதில் பங்குடையவை. எனினும், 1980-களில் அப்பாதைகள் பன்மடங்கு அகன்று, புல் அழிந்து, சேற்றுப் புண்ணாகக் கிடந்தன என்பது உண்மை. சேற்றைத் தவிர்க்க ஒவ்வொருவரும் ஓரடி விலகி நடக்க, அந்த ஓரடியே அடுத்தவர்க்குப் புதிய சேறாயிற்று. தேசியப் பூங்கா நிர்வாகம் கற்பாளங்கள் பதித்தும், பாதையை மாற்றியும் அந்தப் புண்ணை ஆற்ற நெடுங்காலம் உழைக்க வேண்டியிருந்தது. கல்தளங்களின் கதையும் துயரமானதே. வீட்டுத் தோட்டங்களை அலங்கரிப்பதற்காகப் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டதால், 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அவற்றுக்குத் தனிப் பாதுகாப்பு அளிக்க நேர்ந்தது.

அவ்வாறாயின் வழி சொல்லாமலே இருந்துவிடுவது நன்றா? அன்று. சொல்லப்படாத மலை மறக்கப்படும். மறக்கப்பட்ட மலையைக் கல்லுடைப்பவன் எளிதில் எடுத்துக்கொள்வான். அந்தக் கல்லின் வயதையும், வெடிப்புக்குள் ஒளிந்து வாழும் பெரணியின் வரலாற்றையும் அறிந்தவன், தன் தோட்டத்திற்காக அதனைப் பெயர்க்கத் துணியமாட்டான். அறிவித்தலே காத்தலின் முதற்படி. ஆனால் அதனோடு நின்றுவிடலாகாது. பழைய ஆற்றுப்படை, மலையிலிருந்து நடப்பவனைக் காத்தது. இன்றைய ஆற்றுப்படை, நடப்பவனிடமிருந்து மலையையும் காக்க வேண்டும். இந்த இரண்டாவது கடமை, 1970-ல் வெயின்ரைட் எழுதிய காலத்தைவிட இன்று நம்மை மிகுதியாக அழுத்துகின்றது. மலைக்கும் கடற்கரைக்கும் குடும்பத்தோடு சென்று வந்து, அந்த அனுபவத்தை எழுத முனையும் நம் இளைஞர்கள் இதனைத் தம் நெஞ்சில் இருத்த வேண்டும்.

1991-ல் மறைந்த வெயின்ரைட், தம் நூல் வருவாயில் பெரும்பகுதியை விலங்குகளின் நலத்திற்கே அளித்தார் என்பதை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். ஊமை உயிர்கள்பால் இரங்கிய அந்த உள்ளம், ஊமையாய்க் கிடக்கும் கல்லையும் நேசித்தது. அந்த நேசமே இந்நூலை வழிகாட்டி என்ற வரம்பிலிருந்து இலக்கியம் என்ற உயரத்திற்குத் தூக்கியிருக்கின்றது. மனிதரை மறந்தமை அதன் குறை. கல்லை நின்று பார்க்கக் கற்றுத் தந்தமை அதன் நிறை. தூக்கிப் பார்க்கின் நிறையே மிகுதி. யார்க்‌ஷயருக்கு என்றுமே செல்ல இயலாதவரும், நடக்கும்போது எதனைக் காண வேண்டும் என்பதை இந்நூலிலிருந்து அறிந்துகொள்ளலாம். மூன்று மலையையும் 12 மணி நேரத்தில் சுற்றிவந்து ஒன்றையும் காணாதவனைவிட, ஒரு மலையின் ஒரு வெடிப்பை நின்று கண்டவன் அதிக தூரம் சென்றவனாவான்.