‘ஓடினார்’ என்னும் விகுதி: சாந்தி சௌந்தரராஜனும் பெண் உடல் மீதான விசாரணையும்

விளையாட்டில் பாலினச் சமத்துவம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் நம்முன் ஒரு எண்ணிக்கை நீட்டப்படுகிறது. இத்தனை ஆண்கள், இத்தனை பெண்கள், இத்தனை போட்டிகள். எண்ணிக்கையை நான் அலட்சியப்படுத்தவில்லை. படகுப் போட்டியையே எடுத்துக்கொள்வோம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் கயாக், கனூ இரண்டும் சேர்ந்த படகுப் பிரிவில் ஆண்களுக்கு 11 போட்டிகள், பெண்களுக்கு 5. கயாக் என்பது உட்கார்ந்தபடி, இரண்டு முனையிலும் அலகுள்ள துடுப்பால் வலிப்பது. கனூ, ஒரு முழங்காலை மண்டியிட்டு ஒற்றை அலகுத் துடுப்பால் ஒரே பக்கமாக வலிப்பது. கயாக்கில் பெண்களுக்கு 1948 லண்டன் ஒலிம்பிக்கிலேயே இடம் கிடைத்துவிட்டது. கனூவில் ஆண்கள் 1936லிருந்து போட்டியிட, பெண்கள் இறங்க முடிந்தது 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான். 85 வருஷம். மண்டியிட்டு ஒரே பக்கம் வலித்தால் பெண்ணின் இடுப்புக்கும் கருப்பைக்கும் ஆகாது என்று ஒரு ‘மருத்துவ’ வாதம் அந்த விளையாட்டுக்குள் உலவிக்கொண்டிருந்தது. படகில் பெண் ஏறினால் ஆகாது என்று நம் கடற்கரைகளில் சொல்லப்படுவதை மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறோம். இது வெள்ளைக் கோட்டுப் போட்ட தீட்டு, அவ்வளவுதான்.

டோக்கியோவில் கணக்கு நேரானது. ஆண்களுக்கு 8, பெண்களுக்கு 8. ஆண்களின் மூன்று போட்டிகளை நீக்கித்தான் அந்த இடம் உண்டாக்கப்பட்டது. முதல் பெண்கள் கனூ 200 மீட்டரில் அமெரிக்காவின் நெவின் ஹாரிசன் தங்கம், கனடாவின் லோரான்ஸ் வின்சென்ட் லாபோயிண்ட் வெள்ளி. இந்த இரண்டாமவரின் கதை நமக்கு முக்கியம். 2010லிருந்து உலகப் பட்டங்களை வாரிக்கொண்டிருந்தவர். பட்டம் இருந்தது, ஒலிம்பிக் இல்லை. ஒலிம்பிக் கதவு திறக்க ஒரு வருஷம் இருக்கும்போது, 2019இல், அவருடைய மாதிரியில் லிகாண்ட்ரால் என்ற தடைசெய்யப்பட்ட மருந்தின் துணுக்கு அகப்பட்டது. இடைநீக்கம். அந்த வருஷத்து உலகப் போட்டி போயிற்று. வழக்கறிஞர் வைத்தார், முடியைச் சோதனைக்குக் கொடுத்தார், துணைவரின் உடலிலிருந்து தனக்குத் தொற்றியது என்று நிரூபித்தார். 2020 ஜனவரியில் சர்வதேசக் கூட்டமைப்பு அவரை விடுவித்தது. அவருக்குக் கிடைத்ததை நான் சலுகை என்று சொல்லவில்லை. குற்றம் சாட்டப்பட்ட எவருக்கும் கிடைக்க வேண்டிய உரிமை அது. என்ன குற்றம் என்று அவருடைய மொழியில் அவருக்குச் சொன்னார்கள். பதில் சொல்ல அவகாசம் கொடுத்தார்கள். பதிலைக் கேட்டார்கள்.

ஆவுடையார்கோவிலில் உட்கார்ந்துகொண்டு கனடாக்காரியின் கதை எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், கத்தக்குறிச்சியில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்பதற்காகத்தான்.

சாந்தி சௌந்தரராஜன். 1981இல் பிறந்தவர். தலித் குடும்பம். தாய் தகப்பன் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். 2005இல் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி மறுபடி வெள்ளி. அதன்பிறகு ‘பால் பரிசோதனை’. தமிழ் தெரியாத மருத்துவர்களுக்கு நடுவில், என்ன சோதனை என்று விளங்காமலே உட்பட்டதாகப் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். முடிவு அவருக்கு வருவதற்கு முன்னால் பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் போனது. பதக்கம் பறிக்கப்பட்டது. விசாரணை, மேல்முறையீடு, வழக்கறிஞர் எதுவும் கிடையாது. மருந்து உட்கொண்டதாகச் சந்தேகிக்கப்பட்ட பெண்ணுக்கு நடைமுறை இருக்கிறது. பிறந்த உடம்போடு ஓடிய பெண்ணுக்கு அது இல்லை.

அவர் ஓடிய தூரத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. பெண்களின் 800 மீட்டர் முதன்முதலில் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் நடந்தது. ஓட்டம் முடிந்து பெண்கள் தரையில் சரிந்தார்கள் என்று பத்திரிகைகள் அலறின. (ஓடி முடித்த ஆண்கள் சரிவதில்லையா? சரிந்தால் அது வீரம்.) பெண் உடம்பு இதற்குத் தாங்காது என்று அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். 1960 ரோமில்தான் திரும்பி வந்தது. ஆக கனூவானாலும் 800 மீட்டரானாலும் அதிகாரம் பேசுவது இரண்டே வாக்கியங்கள். முதல் வாக்கியம்: பெண்ணால் இது முடியாது. அந்த வாக்கியத்தை ஒரு பெண் பொய்யாக்கிக் காட்டும்போது அடுத்தது: அப்படியானால் இவள் பெண்ணே இல்லை. 1966இல் புடாபெஸ்டில் வீராங்கனைகளை மருத்துவர்கள் முன் ஆடையில்லாமல் நிறுத்திப் ‘பார்த்தது’ இந்த இரண்டாம் வாக்கியத்தின் ஆரம்பம். 1968இலிருந்து ஒலிம்பிக்கில் குரோமோசோம், 1992லிருந்து மரபணு. 1996 அட்லாண்டாவில் 3387 பெண்களைச் சோதித்து, 8 பேருக்கு ‘ஆண்’ மரபணு என்று கண்டு, எட்டுப் பேரையும் கடைசியில் போட்டியிட அனுமதித்தார்கள். அர்த்தமில்லை என்று 1999இல் எல்லாருக்குமான சோதனையை ஒலிம்பிக் குழு கைவிட்டது. சந்தேகம் வந்தால் மட்டும் சோதிப்போம் என்றார்கள். சந்தேகம் யார்மேல் வரும்? குரல், மார்பு, தாடை, நிறம் இவற்றைப் பார்க்கிற கண்ணுக்குத்தான் சந்தேகம் வருகிறது. அந்தக் கண் எதைப் ‘பெண்மை’ என்று பழகியிருக்கிறதோ அதிலிருந்து விலகிய உடம்பெல்லாம் அதற்குச் சந்தேகம்தான். சின்ன வயதிலிருந்தே வேலையில் முறுகிய, கருத்த, ஒட்டிய உடம்புகளுக்கு அந்தக் கண்ணிலிருந்து தப்பிக்க வழி குறைவு.

நம் மொழிக்குள் நடந்ததையும் பார்க்க வேண்டும். எழுத்துத் தமிழில் ‘ஓடினார்’ என்று முடித்தால் மரியாதை வந்துவிடுகிறது, ஆணா பெண்ணா என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. ‘சாந்தி ஓடினார், வென்றார்’ என்று பத்திரிகை எழுதலாம். டீக்கடையில் அந்த விகுதி செல்லாது. அங்கே முந்தின வாரம் வரை ‘நம்ம புள்ள ஓடுனா பாரு’ என்றிருந்தது, செய்தி வந்த மறுநாள் ‘ஓடுனாளா, ஓடுனானா’ என்று நக்கலாக மாறியது. ஒரு விகுதியை மாற்றினாலே ஒரு ஆளை ஊரைவிட்டு வெளியேற்றிவிடலாம். தொல்காப்பியம் இந்தச் சிக்கலைப் பார்த்திருக்கிறது. பேடியைக் குறிக்கும் சொல்லுக்கெனத் தனி ஈறு கிடையாது, உயர்திணைப் பால்களின் ஈற்றைக் கொண்டே முடியும் என்கிறது அது. இலக்கணம் சொல்லுக்கு வழி சொல்கிறது. சொல்லப்படுகிற ஆளிடம் எது வேண்டும் என்று கேட்கச் சொல்லவில்லை. சாந்தியோ தன்னைப் பெண் என்றுதான் சொல்லிவந்திருக்கிறார், பெண்ணாகத்தான் வளர்ந்திருக்கிறார். அந்தச் சொல்லுக்கு ஒரு பரிசோதனைக் காகிதத்தின் எடைகூட இல்லாமல் போனது எப்படி என்பதுதான் பிரச்சினை.

இந்த இடத்தில் ‘நம் மரபு’ பேசுகிறவர்கள் அர்த்தநாரியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். எங்கள் ஊரிலேயே அவர்களுக்கு இன்னும் வசதியான உதாரணம் இருக்கிறது. ஆத்மநாதர் கோயில் கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடையார் மட்டும்தான். அம்மன் சன்னதியிலும் உருவம் இல்லை, பாதம்தான். அருவத்தைக் கும்பிடுகிற ஊர். இதை வைத்துக்கொண்டு, பால் கடந்த பார்வை எங்கள் மண்ணிலேயே உண்டு என்று கட்டுரை எழுதிவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். எனக்கு ஒப்புதலில்லை. கருவறையில் உருவம் வேண்டாம் என்று விட்ட அதே சமூகம்தான் ஒரு சூளைக்காரர் மகளின் உருவத்தைத் தெருவில் நிறுத்தி அலசியது. தத்துவத்தில் இருப்பது தெருவில் இருப்பதாக அர்த்தமில்லை.

உண்மையில் நம் மாவட்டம் காட்டக்கூடிய உதாரணம் வேறு. 1991, 92இல் அறிவொளி இயக்கத்தின்போது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். குவாரியில் கல் உடைத்தவர்கள், களையெடுத்தவர்கள், பாவாடை தாவணிக்காரிகள், பிள்ளையை முன்னால் வைத்துக் குடத்தைப் பின்னால் கட்டிப் போனவர்கள். அப்போதும் ‘பொம்பள சைக்கிள்ல காலத் தூக்கிப் போடுறதா’ என்றுதான் பேசினார்கள். அந்தப் பேச்சைத் தனி ஒரு பெண்ணால் தோற்கடித்திருக்க முடியாது. கூட்டமாக இருந்ததால் முடிந்தது. சாந்திக்கு அப்போது பத்துப் பதினோரு வயது. 2006இல் அவர் தனியாக நின்றபோது அந்தக் கூட்டம் எங்கே போயிற்று? நாமும்தான் எங்கே போனோம்? தலித் இயக்கங்களுக்கு இது விளையாட்டுச் செய்தி, பெண்ணிய அமைப்புகளுக்குக் கொஞ்சம் சங்கடமான விஷயம், இடதுசாரிகளுக்கு மருத்துவம். எந்தத் தலைப்பின்கீழ் வைப்பது என்று தெரியாமல் எல்லோரும் ஒதுங்கினோம்.

தமிழக அரசு, பதக்கம் பறிபோன பின்னும், அறிவித்த 15 லட்சத்தைக் கொடுத்தது. முதல்வராக இருந்தவர் கருணாநிதி. அது நல்ல காரியம், குறைசொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பணத்தில் பயிற்சிக்கூடம் நடத்தி, ஏழைப் பிள்ளைகளுக்கு ஓடச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் 2012இல் அவர் செங்கல் சூளையில் கூலிவேலை செய்யும் படம் வந்ததும்தான் இந்தியாவின் மனசாட்சி விழித்தது. ‘பதக்கம் வென்ற கை செங்கல் சுமக்கிறது.’ அந்தக் கையைப் பெற்றவர்கள் ஆயுள் முழுக்கச் செங்கல் சுமந்தது செய்தி இல்லை. இரக்கம் என்கிற இந்தக் கதையாடலில் ஒரு வசதி உண்டு. வறுமையைப் பேசிவிட்டால் பரிசோதனையைப் பேச வேண்டியதில்லை. பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பு முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளரானார். பரிவுக்கதை அத்தோடு சுபமாக முடிந்தது. பதக்கம் வரவில்லை.

2013இல் வந்த ‘எதிர் நீச்சல்’ படத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். துரை செந்தில்குமார் இயக்கிய படம். பால் பரிசோதனையால் பதக்கம் இழந்த வள்ளி என்ற ஓட்டக்காரி அதில் வருகிறார், பிரியா ஆனந்த் நடித்திருந்தார். ஒரு வெகுஜனப் படம் இதைத் தொட்டதே பெரிது என்றார்கள். சரி. ஆனால் படம் அவளை எப்படி மீட்கிறது? அவள்மேல் விழுந்தது பொய்ப்பழி என்று காட்டி. ஆக, உண்மையான பரிசோதனை உண்மையைச் சொல்லும், கெட்ட மனிதர்கள்தான் பிரச்சினை என்றாகிவிடுகிறது. பரிசோதனை என்ற நிறுவனத்தின்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. சாந்தியைப் போன்ற ஒருத்தி, காகிதம் அப்படியே இருக்க, ‘நான் பெண்தான், ஓடுவேன்’ என்று சொன்னால் இந்தப் படத்தில் அவளுக்கு இடமில்லை. போதாக்குறைக்கு அவள் தோல்வி கதாநாயகனின் மாரத்தான் வெற்றிக்கு உரமாகிறது. ஓடியவள் பயிற்சி கொடுக்கிறாள், அவன் ஓடுகிறான்.

மற்ற வீராங்கனைகளின் கேள்வியையும் நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. பெண்கள் பிரிவு என்று ஒன்று இருப்பதால்தான் பெண்கள் பதக்கம் வெல்ல முடிகிறது, அதற்கு எல்லை வேண்டாமா என்று அவர்கள் கேட்பது பொய்க்கேள்வி இல்லை. நம்மில் சிலர் அந்தக் கேள்வி கேட்டவுடனே ‘பிற்போக்கு’ என்று முத்திரை குத்துவது சோம்பேறித்தனம். எல்லை இருக்கட்டும். எல்லையை வகுப்பதற்கு ஆதாரம் யார் காட்ட வேண்டும், எல்லைக்கு வெளியே தள்ளப்படுகிறவள் பேச இடம் உண்டா என்பதுதான் என் கேள்வி. ஒடிசாவின் நெசவாளர் மகள் டூட்டி சந்த் 2014இல் காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கப்பட்டபோது அவருக்கு அரசின் உதவி இருந்தது, கூட நிற்க ஆட்கள் இருந்தார்கள். விளையாட்டு நடுவர் மன்றம் போனார். இயற்கையாக ஹார்மோன் கூடுதலாயிருப்பது எந்த அளவுக்கு அனுகூலம் தருகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2015 ஜூலையில் அந்த விதியே நிறுத்திவைக்கப்பட்டது. 2018 ஆசிய விளையாட்டில் டூட்டி இரண்டு வெள்ளி வாங்கினார். தோஹாவுக்கும் இதற்கும் இடையில் விஞ்ஞானம் தலைகீழாக மாறிவிடவில்லை. ஒருத்திக்கு மேடை கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம். தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா 2019இல் அதே மன்றத்தில் தோற்று, விடாமல் போய், 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரு ஆயத்தில், தன் வழக்கு சுவிட்சர்லாந்து நீதிமன்றத்தில் நியாயமாக விசாரிக்கப்படவில்லை என்ற தீர்ப்பைப் பெற்றார். விதி தப்பு என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. சரியாகக் கேட்கவில்லை என்றது. அந்த ஒரு வரிக்கு அவருக்குப் பல வருஷமும் பெரும் செலவும் ஆயிற்று.

இதற்கிடையே, 1999இல் ஒலிம்பிக் குழு கைவிட்ட மரபணுச் சோதனை திரும்பி வந்துவிட்டது. 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தடகள அமைப்பு, உலகப் போட்டியில் பெண்கள் பிரிவில் நிற்கிற எல்லாருக்கும் அதைக் கட்டாயமாக்கியது. கன்னத்தின் உட்புறம் பஞ்சால் ஒரு தேய்ப்பு அல்லது கொஞ்சம் ரத்தம், வாழ்நாளில் ஒருமுறை. எல்லாருக்கும் என்பதால் இது பாரபட்சமில்லை என்கிறார்கள். சோதனை சமம்தான். சோதனைக்குப் பிறகு நடப்பதுதான் சமமில்லை. நாளை அறந்தாங்கிப் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் வெறுங்காலோடு ஓடும் ஒருத்தி தேசிய அணிக்குத் தேர்வாகிறாள் என்று வையுங்கள். ஒப்புதல் படிவம் அவளுக்கு எந்த மொழியில் கொடுக்கப்படும்? முடிவு முதலில் அவளுக்கு வருமா, சங்கத்துக்கு வருமா, நிருபருக்கு வருமா? பக்கத்தில் உட்கார்ந்து விளக்கப்போகிற மருத்துவர் யார்? மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் அவகாசம், அந்தச் செலவு எந்தத் தலைப்பில் எழுதப்படும்? இந்தக் கேள்விகளைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடமும் தேசியத் தடகளக் கூட்டமைப்பிடமும் எழுத்தில் கேட்க வேண்டும். கேட்பவர்கள் பட்டியலில் சாந்தியின் பெயர் முதலில் வருமானால், அதற்கு அவரிடம் முதலில் சம்மதம் வாங்க வேண்டும்.