பிங் ஸ்லாமெட்: கோமாளி மறைத்த பாடகர்

இந்தோனேசிய நகைச்சுவையைப் பற்றி எழுதுகிறவர்கள் பிங் ஸ்லாமெட்டை ஒரே விதமாகத்தான் அறிமுகப்படுத்துகிறார்கள்: ஆட்டெங், இஸ்காக், எடி சுட் மூவரோடும் சேர்ந்து 'க்வார்டெட் ஜாயா' குழுவை நடத்திய பெரிய கோமாளி, பாடவும் செய்வார். இந்த வரிசை தலைகீழானது. அவர் முதலில் பாடகர். அவருடைய சிரிப்பே அந்தப் பாட்டுக் காதிலிருந்து பிறந்ததுதான்.

1927இல் சிலகோனில் பிறப்பு, இளவயதில் நாடகக் குழு, 1949இல் முதல் படம் 'மெனாந்தி கெகாசி': இவை யாவரும் அறிந்தவை. அவரை உருவாக்கியது ஐம்பதுகளின் ஜகார்த்தா வானொலி. முகமும் உடலும் தெரியாத இடத்தில் ஒருவன் சிரிக்கவைக்க வேண்டுமென்றால் அவனிடம் இருப்பது குரலின் ஏற்ற இறக்கமும், சொல்லை எங்கே நிறுத்துவது என்ற தாளக் கணக்கும் மட்டுமே. 1955இல் வானொலி நட்சத்திரப் பாட்டுப் போட்டியின் மெல்லிசைப் பிரிவில் வென்றவர்தான், 1957இல் வெளிவந்த உஸ்மார் இஸ்மாயிலின் 'திகா தாரா' படத்துக்கும் பின்னணி பாடினார். அதே ஆண்டில் ஞா அப்பாஸ் அகுப்பின் 'திகா புரோனான்' அவரைச் சிறந்த நகைச்சுவை நடிகராகவும் காட்டியது. அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பியின் நகல்தானே இவர் என்று கேட்பார்கள். பெயரும், மைக்குக்கு அருகில் நின்று மென்மையாகப் பாடும் முறையும் அங்கிருந்து வந்தவை, மறுப்பதற்கில்லை. ஆனால் 'நூர்லைலா', 'பெலாயான் சாயாங்' பாடல்களை இயற்றியவர் அவரே. கிழக்கு ஜாவாவின் பன்யுவாங்கிப் பகுதி ஏழைகள் ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் பறித்துத் தின்ற கீரையைப் பற்றிய 'கெஞ்சேர் கெஞ்சேர்' பாட்டை நாடறியச் செய்தவர்களில் அவரும் ஒருவர். நகலெடுப்பவன் அந்தக் கீரைப் பாட்டைத் தேடிப் போகமாட்டான்.

அந்தப் பாட்டுதான் அவருடைய புகழின் திசையையும் மாற்றியது என்பது என் வாதம். 1965இல் அதிபர் சுகார்ணோ பெயரில் வெளிவந்த 'மாரி பெர்சுகா ரியா' இசைத்தட்டில் அவர் பாடியிருந்தார். அதே ஆண்டின் இறுதியில் கம்யூனிஸ்டுகள் மீதான படுகொலைகள் தொடங்கி எல்லாம் புரண்டது. கம்யூனிஸ்டுகளின் பாட்டு என்று முத்திரை குத்தி 'கெஞ்சேர் கெஞ்சேர்' தடைசெய்யப்பட்டது. அதை எழுதிய முகமது அரீஃபும் அந்தப் படுகொலைகளுக்குப் பலியானார். அதைத் தொடர்ந்து வந்த சுகார்த்தோ ஆட்சியில் பாடகர் ஸ்லாமெட்டை முழுமையாகப் பேசுவது ஆபத்து, கோமாளி ஸ்லாமெட்டைப் பேசுவது பத்திரம். பெயரே தலைப்பாக வந்த எழுபதுகளின் படங்கள் இந்தப் பாதுகாப்பான உருவத்தை நிலைநிறுத்தின.

மக்கள் அவரை நேசித்தது அந்தப் படங்களால்தானே என்ற எதிர்வாதம் வலுவானது. அகுப் இயக்கிய 'கோபோய் செங்கெங்' கௌபாய் படங்களை அழகாகக் கேலி செய்கிறது, அது நிற்கும். மற்றவற்றில் பெரும்பாலானவை மேடைத் துணுக்குகளைத் தளர்வாகக் கோத்தவை. அந்த ஆண்டுகளிலும் அவருடைய உயிர்ப்பு பாட்டில்தான் இருந்தது: பென்யாமின் சுயெப் பாடி ஊரே முணுமுணுத்த 'நோந்தோன் பியோஸ்கோப்' அவர் எழுதிக் கொடுத்தது. தனக்குப் பின் வரும் நகைச்சுவைப் பாடகனுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து அது.

1974 டிசம்பர் 17 அன்று, 47 வயதில் அவர் மறைந்தார். 'திகா தாரா'வை 2016இல் புதுப்பித்துத் திரையிட்ட அக்கறை, அவருடைய இசைத்தட்டுகளுக்கும் வானொலிப் பதிவுகளுக்கும் கிடைக்க வேண்டும். அடுத்து அவரைப் பற்றி எழுதுபவர் அங்கிருந்து தொடங்கட்டும்.